டிவிடி ரைட்டர் எத்தனை நாள் உழைக்கும்? தூக்கிப் போடும் முன் செய்து பார்க்க வேண்டியவை

காவேரிப்பட்டணத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் கடை வைத்திருக்கிறேன். இப்போது எல்லாரும் பென்டிரைவ்தான் கேட்கிறார்கள். ஆனாலும் என் மேசையில் இரண்டு டிவிடி ரைட்டர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கிருஷ்ணகிரி கோர்ட்டுக்குப் போகிற வக்கீல்கள் கேமரா பதிவை டிஸ்க்கில் போட்டுக் கேட்பார்கள். ஸ்கேன் சென்டரில் கொடுத்த சிடி திறக்கவில்லை என்று யாராவது வருவார்கள். பத்து வருடத்துக்கு முன் நான் எடுத்த கல்யாணத்துக்கு இன்னொரு காப்பி வேண்டும் என்பவர்களும் உண்டு. வருகிறவர்களில் பாதிப் பேர் போகிற போக்கில் கேட்கும் கேள்வி இது: "வீட்டுல ரைட்டர் ஒண்ணு சும்மா கிடக்குதுங்க. போயிடுச்சா, இன்னும் ஓடுமான்னு எப்படிப் பார்க்கறது?"

வருடக் கணக்கில் இதற்குப் பதில் சொல்ல முடியாது. நான் வாங்கும் ஒவ்வொரு ரைட்டரின் தலையிலும் மார்க்கரில் தேதி எழுதிவிடுவேன். எத்தனை டிஸ்க் போட்டது என்று பில் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு வருவேன். அதில் ஒன்று மூவாயிரம் டிஸ்க்கைத் தாண்டி ஓடியது. இன்னொன்று நானூறைத் தொடும் முன்பே படுத்துவிட்டது. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். வித்தியாசம் என்னவென்றால், இரண்டாவது இருந்த கம்ப்யூட்டர் வாசல் பக்கம் இருந்தது. எதிரே கிரானைட் கல் அறுக்கும் பட்டறை.

டப்பாவில் ஆயுள் பல பத்தாயிரம் மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது நிறைய டிரைவ்களை வைத்துப் போட்ட சராசரிக் கணக்கு; அதில் பெரும்பகுதி டிரைவ் சும்மா இருக்கும் நேரம். எழுதும்போது நடப்பது வேறு. டிவிடியைப் படிக்க லேசருக்கு ஒரு மில்லிவாட் அளவு போதும். வேகமாக எழுத அதைப்போல் பல பத்து மடங்கு வேண்டும். அந்தச் சூட்டில்தான் லேசர் தேய்கிறது. மாதம் இரண்டு டிஸ்க் போடும் வீட்டில் லேசர் தேயும் முன் தூசியும், காய்ந்துபோன கிரீஸும், தொய்ந்துபோன ரப்பர் பெல்ட்டும் வந்து நிற்கும். என்னைப் போல சீசனில் தினம் இருபது முப்பது போடும் இடத்தில் லேசர்தான் முதலில் போகும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த வரிசையிலேயே செய்யுங்கள். வரிசை மாறினால் நான் இழந்த காசை நீங்களும் இழப்பீர்கள்.

படி 1: முதலில் டிஸ்க்கைச் சந்தேகப்படுங்கள்

ஒரு தை மாதம். மூன்று கல்யாண ஆர்டர் கையில். 50 டிஸ்க் உள்ள புதுக் கட்டைப் பிரித்தேன். முதல் டிஸ்க் 4 சதவீதத்தில் நின்றது. இரண்டாவதும் நின்றது. பதினெட்டு டிஸ்க் வரை வீணாக்கிவிட்டு, ரைட்டர் போய்விட்டது என்று முடிவு கட்டி, பஸ் ஏறி கிருஷ்ணகிரி போய் புதிது வாங்கி வந்தேன். அதுவும் 4 சதவீதத்தில் நின்றது. கோளாறு டிஸ்க் கட்டில். பழைய ரைட்டரை அதற்குள் பழைய இரும்புக்காரரிடம் போட்டாயிற்று.

அதனால் வேறு கம்பெனி டிஸ்க் இரண்டாவது வாங்கிப் போட்டுப் பாருங்கள். அதே பெயர் போட்ட இன்னொரு கட்டு வாங்கினால் மட்டும் போதாது. இம்க்பர்ன் மென்பொருளில் காலி டிஸ்க்கைப் போட்டால் வலது பக்கம் டிஸ்க்கின் உண்மையான தயாரிப்பாளர் குறியீடு தெரியும். மேலே ஒரே பெயர் அச்சடித்த இரண்டு கட்டுகளில் உள்ளே குறியீடு வேறு வேறாக இருப்பதும், வேறு வேறு பெயரில் விற்பவை உள்ளே ஒன்றாக இருப்பதும் சகஜம். எம்பிஐ என்று தொடங்கினால் அது மோசர் பேர். ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய டிஸ்க் கம்பெனிகளில் ஒன்றாக இருந்தது, 2018-ல் கலைப்புக்குப் போய்விட்டது. ஆகவே அந்தப் பெயரில் இன்று கடையில் கிடைத்தால் பழைய சரக்காகத்தான் இருக்கும். எழுதுவதைப் பதியவைக்க டிஸ்க்கின் உள்ளே ஒரு சாயம் பூசியிருப்பார்கள்; எழுதாத டிஸ்க்கிலும் அது வயதாகும்.

சோதனைக்கு டிவிடி-ஆர்டபிள்யூ போட்டால் டிஸ்க் மிச்சம் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆர்டபிள்யூவில் எழுதும் முறையே வேறு. சாயம் கிடையாது, உலோகக் கலவையைச் சூடாக்கி நிலை மாற்றுவது. அதில் சரியாக எழுதியது என்பதற்காகச் சாதாரண டிஸ்க்கிலும் எழுதும் என்று சொல்ல முடியாது.

படி 2: கரண்ட்

எழுதும்போது மோட்டாரும் லேசரும் சேர்ந்து இழுக்கும். எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) சோர்ந்திருந்தால் படிப்பது நன்றாக நடக்கும், எழுதுவது பாதியில் நிற்கும். மல்டிமீட்டர் இருந்தால், எழுதிக்கொண்டிருக்கும்போதே வேறொரு பவர் கனெக்டரில் 12 வோல்ட் வரும் மஞ்சள் வயரை அளந்து பாருங்கள். 11.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் ரைட்டரைக் குறை சொல்லாதீர்கள். மீட்டர் இல்லையா, பக்கத்துக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள். ரைட்டரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சாட்டா கேபிளையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

படி 3: சிடி தனி, டிவிடி தனி

சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650. உள்ளே இரண்டும் தனித்தனி. அதனால் நான்கு சோதனை: சிடி படிக்கிறதா, சிடி எழுதுகிறதா, டிவிடி படிக்கிறதா, டிவிடி எழுதுகிறதா. சிடி இரண்டும் சரி, டிவிடி இரண்டும் இல்லை என்றால் டிவிடி லேசர் போயிருக்க நிறைய வாய்ப்பு. நான்கும் தள்ளாடினால் பெரும்பாலும் லென்ஸில் தூசி. அடுத்த படிக்குப் போங்கள்.

"பவர் கேலிப்ரேஷன் எரர்" என்று வந்தால் பயந்துவிடாதீர்கள். ஒவ்வொரு முறை எழுதும் முன்பும் ரைட்டர் டிஸ்க்கின் உள்வட்டத்தில் கொஞ்சம் எழுதிப் பார்த்து, இந்த டிஸ்க்குக்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்று கணக்குப் போடும். அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை என்பதுதான் இந்தச் செய்தி. தேய்ந்த லேசர், அழுக்கு லென்ஸ், மட்டமான டிஸ்க் மூன்றுக்கும் இதே செய்திதான் வரும். நல்ல டிஸ்க் போட்டு, லென்ஸைத் துடைத்த பிறகும் வந்தால் மட்டும் லேசர் என்று முடிவு செய்யுங்கள்.

படி 4: லென்ஸ்

தூரிகை வைத்த கிளீனிங் சிடி விற்பார்கள். எனக்கு அது பிடிக்காது. சுழன்றுகொண்டே வந்து லென்ஸில் அடிக்கிறது. லென்ஸ் நிற்பதோ முடி மாதிரி மெல்லிய கம்பிகளில்.

கம்ப்யூட்டரை அணைத்து, ரைட்டரின் வயர்களைப் பிடுங்கி வெளியே எடுங்கள். முன்பக்கம் குண்டூசித் துளை இருக்கும். நிமிர்த்திய ஜெம் கிளிப்பை விட்டு அழுத்தினால் ட்ரே வெளியே வரும். முன் மூடியைக் கழற்றி, அடியில் நான்கு ஸ்குரூ, அவ்வளவுதான். கேமரா துடைக்கும் ரப்பர் புளோயரில் முதலில் நன்றாக ஊதுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் படும். என் நானூறு டிஸ்க் ரைட்டரைத் திறந்தபோது லென்ஸ் மேல் மட்டுமில்லை, அது ஓடும் கம்பி நெடுகிலும் வெள்ளைத் தூள் கிரீஸோடு குழைந்து களிம்பு மாதிரி ஒட்டியிருந்தது. விரலில் தேய்த்தால் நறநறவென்றது.

ஊதியும் போகவில்லை என்றால் காது குடையும் பட்ஸின் நுனியில் ஒரு சொட்டு ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்). செல்போன் சர்வீஸ் கடைகளில் கிடைக்கும். மெடிக்கல் ஸ்பிரிட்டும் நெயில் பாலிஷ் ரிமூவரும் வேண்டாம். லென்ஸ் பிளாஸ்டிக், மங்கிவிடும். குழந்தையின் கண்ணோரம் துடைப்பதுபோல ஒரு சுற்று, போதும். மூடியைத் திறந்து வைத்தபடி பவர் கொடுத்துப் பார்க்கும் ஆசை வரும். கூடாது. சிடி லேசர் கண்ணுக்கே தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுத்துவிடும்.

படி 5: எழுதிய டிரைவிலேயே சரிபார்க்காதீர்கள்

என்னை ஒரு முழு சீசன் சுற்றவிட்டது இதுதான். ரைட்டர் எந்தப் பிழையும் காட்டவில்லை. எழுதி முடித்ததும், எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும் வெரிஃபை ஓடி, பச்சை டிக் வந்தது. டெலிவரி கொடுத்து நான்கு நாள் கழித்து மத்தூரிலிருந்து போன். பெண்ணின் தாத்தா. "தம்பி, மாப்பிள்ளை தாலியைக் கையில எடுத்துட்டாரு. அரை மணி நேரமா அப்படியே நிக்கறாரு."

டிஸ்க்கை வாங்கி வந்து அதே ரைட்டரில் போட்டால் அழகாக ஓடுகிறது. அவர் வீட்டுப் பிளேயர்தான் சரியில்லை என்று சொல்லி வேறு காப்பி கொடுத்தேன். அதுவும் அதே இடத்தில் நின்றது. அடுத்த வாரம் பர்கூரிலிருந்து இன்னொருவர், பிறகு போச்சம்பள்ளியிலிருந்து ஒருவர். எல்லாருக்கும் படத்தின் பிற்பாதியில்தான் கட்டம் கட்டமாக உடைகிறது.

காரணம் பிறகுதான் புரிந்தது. டிஸ்க் உள்ளிருந்து வெளியே எழுதப்படும். வெளிவட்டத்துக்குப் போகப் போக வேகம் கூடும், லேசருக்கு அதிகச் சக்தி வேண்டும். தேய்ந்த லேசர் அங்கே அரைகுறையாக எழுதும். எழுதிய டிரைவுக்குத் தன் கிறுக்கல் கையெழுத்து தனக்குப் புரியும். சின்னப் பிழைகளைத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு டிவிடியிலேயே இருப்பதால், தட்டுத் தடுமாறிப் படித்து "சரி" என்றும் சொல்லிவிடும். ஊர்ப் பிளேயர் அப்படி விட்டுக்கொடுக்காது.

ஆகவே டிஸ்க்கை முழு அளவுக்கு, அதாவது 4.3 ஜிபி வரை நிரப்பி எழுதுங்கள். அரை ஜிபி எழுதிப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை, வெளிவட்டத்தைத் தொடவே தொடாது. பிறகு வேறு கம்ப்யூட்டரின் வேறு கம்பெனி டிரைவில் போட்டு வெரிஃபை செய்யுங்கள். கூடவே நீரோ டிஸ்க்ஸ்பீடு என்ற மென்பொருளில், படிக்கும் வேகத்தைக் கோடாகக் காட்டும் டிரான்ஸ்ஃபர் ரேட் சோதனை ஓட்டுங்கள். பச்சைக் கோடு இடமிருந்து வலமாகச் சீராக ஏற வேண்டும். கடைசிக் கால்பகுதியில் பள்ளம் பள்ளமாக விழுந்தால், அந்த ரைட்டரின் எழுதும் காலம் முடியப்போகிறது. எழுதும் வேகத்தை 16 எக்ஸிலிருந்து 8 எக்ஸாகக் குறைத்து எழுதிப் பாருங்கள். பள்ளம் மறைந்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். நான் அப்படித்தான் ஒன்றை எட்டு மாதம் ஓட்டினேன்.

ஆயுளைக் கூட்ட

எப்போதும் 8 எக்ஸ். 16 எக்ஸில் ஆறு நிமிடம், 8 எக்ஸில் ஒன்பது நிமிடம், மிச்சமாவது மூன்று நிமிடம்தான். ரொம்பக் குறைத்து 2 எக்ஸுக்குப் போகவும் வேண்டாம். 16 எக்ஸ் டிஸ்க்கின் சாயம் அந்த வேகத்துக்குச் செய்ததில்லை. ஐந்து டிஸ்க்குக்கு ஒரு முறை பத்து நிமிடம் ஆறவிடுங்கள். சித்திரை வெயிலில் ஓட்டுக் கட்டடத்தில் இது கட்டாயம். பகலெல்லாம் படம் பார்க்க அதே ரைட்டரைப் பயன்படுத்தாதீர்கள். யுபிஎஸ் வேண்டும். 2012-ல் நம் பக்கம் பாதி நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது நான் வீணாக்கிய டிஸ்க்குகளுக்கு ஒரு ரைட்டரே வாங்கியிருக்கலாம்.

பின்சேர்க்கை: படித்துவிட்டு எழுதியவர்களுக்கு

ட்ரே திறக்கவே மாட்டேன் என்கிறது, உள்ளே "கிர்" சத்தம் மட்டும் வருகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். லேசர் பிரச்சினை இல்லை, ரப்பர் பெல்ட் தொய்ந்துவிட்டது. டேப் ரெக்கார்டர் ரிப்பேர் செய்பவர்களிடம் அளவு காட்டி வாங்கலாம். அவசரத்துக்குப் பெல்ட்டைக் கழற்றி இரண்டு நிமிடம் கொதிக்கும் தண்ணீரில் போட்டால் கொஞ்சம் இறுகும், சில மாதம் தாங்கும்.

தர்மபுரியிலிருந்து ஒருவர், யூஎஸ்பியில் செருகும் மெல்லிய ரைட்டர் புதிதாக வாங்கியும் எழுதவில்லை என்கிறார். கேபினெட்டின் முன்பக்கத் துளையில், அதுவும் ஹப் வழியாகச் செருகியிருக்கிறார். சாதாரண யூஎஸ்பி துளை தரும் 500 மில்லி ஆம்பியர் எழுத ஆரம்பிக்கும் நேரத்துக்குப் போதாது. பின்பக்கம் நேராகச் செருகுங்கள், இரட்டைத் தலை கேபிள் கிடைத்தால் இன்னும் நல்லது. இந்த வகையில் லென்ஸ் ட்ரேயிலேயே இருப்பதால் எதையும் திறக்காமல் துடைக்கலாம். கைரேகை படுவதும் அதனால்தான் அதிகம்.

எழுத முடியாத ரைட்டரை என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். தூக்கிப் போடாதீர்கள். எழுதும் சக்தி போன பிறகும் படிக்கும் சக்தி பல சமயம் மிச்சம் இருக்கும். போன மாதம் 2009-ம் வருடக் கல்யாண டிஸ்க் ஒன்று வந்தது, புதிய டிரைவ் தொடவே இல்லை. லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்று ஒரு கருவி உண்டு. எதுவரை படித்தது என்று குறித்து வைத்துக்கொண்டு, விட்டுப்போனதை மட்டும் வேறு டிரைவில் போட்டுத் தொடரும். மூன்று டிரைவ் மாற்றினேன். அதிகம் படித்தது, தாலி கட்டும் இடத்தில் நிறுத்திய அதே பழைய ரைட்டர்தான். கடைசியில் 2 எம்பி மட்டும் வரவில்லை. பார்த்தால் அது பந்தியில் ரசம் ஊற்றும் இடம். வீட்டுக்காரர் பரவாயில்லை என்றுவிட்டார்.