வீடு மாறும்போது பூனைக்கு முதலில் ஓர் அறை போதும்

கோலாலம்பூருக்குள்ளேயே பிரிக்பீல்ட்ஸிலிருந்து செந்தூலுக்குத்தான் மாறுகிறீர்கள் என்றாலும் பூனைக்கு அது வேறு உலகம், ஏனென்றால் அதன் வாசனை எதுவும் அங்கே இல்லை. லோரி வருவதற்கு முன்பே அதை ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிடுங்கள். புது வீட்டிலும் முதல் சில நாள் ஒரே அறைதான், அங்கே அதே மணல் தட்டு, தண்ணீர், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி, அப்புறம் அது வழக்கமாகப் படுக்கும் துணி. அந்தத் துணியைத் தயவுசெய்து துவைக்காதீர்கள்! கட்டிலுக்கடியில் பதுங்கினால் இழுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசுங்கள், தானாக வரும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். கொண்டோ (அடுக்குமாடி வீடு) என்றால் பால்கனிக்கு வலை அடிக்காமல் கதவைத் திறக்கவே வேண்டாம். நாய் வளர்ப்பவர்கள் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே நிர்வாகத்திடம் கேட்டுவிடுங்கள், பல கொண்டோக்களில் நாய்க்கு அனுமதி இல்லை.