திராட்சைத் தோட்ட மாளிகையில் கல்யாணம்: பிரான்சுக்குப் புதிதாக வந்தவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியவை

வதிவிட அட்டை கைக்கு வந்ததும் பலருடைய வீட்டில் அடுத்த பேச்சு கல்யாணம்தான். அண்மைக்காலமாக அந்தப் பேச்சு தென்மேற்கு பிரான்சின் வைன் பூமியான போர்தோப் பக்கம் திரும்பியிருக்கிறது. திராட்சைக் கொடிகளுக்கு நடுவே ஒரு கல் மாளிகை, அதன் முற்றத்தில் மணவறை, மாலை வெயிலில் படங்கள். நல்ல ஆசைதான். ஆனால் மாளிகை பார்க்கப் புறப்படுவதற்கு முன், யார் யாரை அழைக்கப் போகிறீர்கள் என்று உட்கார்ந்து எழுதுங்கள். பெயர்கள் நூற்றைம்பதைத் தாண்டினால் பாரிஸ் புறநகரில் ஒரு மண்டபம் பிடிப்பதே உங்களுக்கு நல்லது.

மக்கள் கூடும் ஒவ்வொரு கூடத்துக்கும் பாதுகாப்பு விதிகளின்படி இத்தனை பேர்தான் என்று ஓர் எல்லை உண்டு. தோட்ட மாளிகைகளின் கூடம் பெரும்பாலும் பழைய வைன் கொட்டகையாகவோ வண்டிக் கொட்டிலாகவோ இருந்தது. ஐந்நூறு பேரை நினைத்து யாரும் அதைக் கட்டவில்லை. 'இன்னும் நாற்பது நாற்காலி போட்டால் என்ன?' என்று உரிமையாளரிடம் மன்றாடிப் பயனில்லை. ஏதாவது நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். இன்னொன்று, ஓர் அழைப்பிதழுக்கு ஐந்து பேர் வருவது நம் வழக்கம். இங்கே சாப்பாட்டுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு பெயர். சித்தப்பாவின் மனம் நோகுமே என்று பட்டியலை நீட்டிக்கொண்டே போகிறவர்களுக்கு இந்தக் கல்யாணம் ஒத்துவராது. நெருங்கியவர்களோடு மாளிகையில் தாலி கட்டிவிட்டு, ஊரவருக்கும் வேலையிடத்து நண்பர்களுக்கும் பிறகொரு நாள் பாரிசில் விருந்து வைப்பதே என் கண்ணில் சரியான வழி.

அடுத்தது சட்டம். பிரான்சில் நகரசபையில் நடக்கும் பதிவுத் திருமணம் மட்டுமே திருமணம். ஐயர் ஓதினாலும் ஆயிரம் பேர் அறுகரிசி போட்டாலும் வரி அலுவலகத்துக்கும், வதிவிட அட்டை தரும் மாவட்ட அலுவலகமான பிரெஃபெக்சருக்கும் நீங்கள் மணமாகாதவர்களே. நகரசபைச் சான்றிதழைப் பார்க்காமல் சமயச் சடங்கை வழக்கமாக நடத்தி வைக்கும் குருவுக்கு 6 மாதச் சிறையும் 7,500 யூரோ தண்டமும் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. அதனால் ஐயர் முதலில் அந்தச் சான்றிதழைக் கேட்டால் கோபிக்காதீர்கள்.

மாளிகை இருக்கும் கிராமத்து நகரசபையில் பதிய முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். மணமக்களில் ஒருவரோ அவர்களுடைய பெற்றோரில் ஒருவரோ அங்கே குடியிருந்தால் முடியும்; மணமக்களில் ஒருவர் குறைந்தது ஒரு மாதம் தொடர்ந்து அங்கே வசித்திருந்தாலும் முடியும். மாளிகையை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்தது கணக்கில் வராது. நகரபிதா மாளிகைக்கு வந்து மணம் முடித்து வைக்கவும் மாட்டார். ஆகவே சார்செல்லிலோ லா கூர்னெவிலோ நீங்கள் வசிக்கும் ஊரிலேயே பதிந்துவிட்டுப் போவதுதான் நடைமுறை. அதற்குக் கட்டணம் இல்லை. ஒவ்வொரு பக்கமும் ஒன்று அல்லது இரண்டு சாட்சிகள் போதும். அறிவித்தல் 10 நாட்கள் நகரசபை வாசலில் ஒட்டப்பட்டிருக்கும். மணமகனுக்கோ மணமகளுக்கோ பிரெஞ்சு புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்கு செய்யுங்கள். நகரசபையில் இருவரையும் முன்கூட்டி அழைத்துப் பேசுவதும் உண்டு. எங்கே சந்தித்தீர்கள், எப்போது நிச்சயித்தீர்கள் என்ற கேள்விகளுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

நாட்களைத் தின்பது ஆவணங்கள்தான். வெளிநாட்டுப் பிறப்புச் சான்றிதழ் பொதுவாக 6 மாதத்துக்குள் எடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும். மேல்முறையீட்டு நீதிமன்றப் பட்டியலில் உள்ள சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடமே அதை மொழிபெயர்க்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் சான்றிதழுக்கு, அதை வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அப்போஸ்தில் முத்திரையை இந்தியாவில் பெற வேண்டும். அகதி அந்தஸ்து பெற்ற இலங்கைத் தமிழர்களின் நிலை வேறு. உங்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் தருவது பிரான்சின் அகதிகள் அலுவலகமான ஒஃப்ரா. 'தூதரகத்தில் போய் ஒரு கடிதம் வாங்கி வாருங்கள்' என்று நகரசபையில் யாராவது சொன்னால், ஒஃப்ரா ஆவணத்தைக் காட்டி மறுத்துவிடுங்கள். தூதரகப் படியேறுவது உங்கள் அந்தஸ்துக்கே ஆபத்தாக முடியலாம்.

நகரசபைத் தேதி உறுதியாகும் வரை மாளிகைக்குப் பெரிய முன்பணம் கொடுக்காதீர்கள். கொடுக்கும்போது ஒப்பந்தத்தில் அந்தப் பணத்துக்கு என்ன பெயர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். 'அர்' என்று இருந்தால், நீங்கள் விலகும்போது கொடுத்தது மட்டும் போகும். உரிமையாளர் விலகினால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். 'அகோம்ப்த்' என்று இருந்தால் பின்வாங்க வழியில்லை, முழுத் தொகையையும் கேட்கலாம். வீட்டுக் காப்புறுதி நிறுவனத்திடமிருந்து பொறுப்புக் காப்புறுதிச் சான்றும் கேட்பார்கள். அதைத் தொலைபேசியில் கேட்டாலே அனுப்பிவிடுவார்கள்.

மாதம் பார்ப்பதில் நம் பஞ்சாங்கமும் திராட்சைத் தோட்டமும் அடிக்கடி மோதும். வைகாசி, ஆனி, ஆவணி மூன்றும் இங்கே நல்ல காலநிலை. நடுவில் வரும் ஆடியில் பிரெஞ்சுக்காரருக்குக் கல்யாணப் பருவம் உச்சம். நமக்கு அது ஆகாது. அதனால் பாட்டி வருத்தப்படாத சனிக்கிழமைகள் கைவிரலில் எண்ணும் அளவுதான் தேறும், அவையும் ஓராண்டுக்கு முன்பே போய்விடும். ஆவணிக் கடைசியும் புரட்டாசியும் போர்தோவில் அறுவடை தொடங்கும் வேளை. உழவு இயந்திரங்கள் ஓடும், நொதிக்கும் சாறுக்குக் குளவிகள் மொய்க்கும், வீட்டுக்காரருக்கு உங்களைக் கவனிக்க நேரம் இராது. பல தோட்டங்கள் அந்த வாரங்களில் கல்யாணமே எடுப்பதில்லை. தை மாதம் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அப்போது கொடிகளில் இலை இருக்காது. வெட்டிவிட்ட கட்டைகள்தான் நிற்கும், கூறைச்சேலைக்கு மேலே குளிர்ச்சட்டை போட வேண்டியிருக்கும். வைகாசி, ஆனியில் கொடிகளுக்கு மருந்து தெளிப்பார்கள். ஊரில் திராட்சைக்கும் வெற்றிலைக்கும் அடிக்கிறோமே போர்டோக் கலவை, அது பிறந்த மண் இதுதான். முகூர்த்த நாள் காலையில் தெளிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

நாட்காட்டியில் அச்சிட்டிருக்கும் ராகுகாலத்தை அப்படியே எடுக்க வேண்டாம். அது ஏறத்தாழ ஆறு மணிக்குச் சூரியன் உதித்து ஆறு மணிக்கு மறையும் நாட்டுக் கணக்கு. போர்தோவில் ஜூன் 21 அன்று சூரியன் காலை 6.15 வாக்கில் உதித்து இரவு 9.50 வாக்கில்தான் மறைகிறது. அந்தப் பகலை எட்டாகப் பிரித்தால் ஒவ்வொரு பங்கும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். ஊரில் சனிக்கிழமை 9 மணி முதல் 10.30 வரை வரும் ராகுகாலம் இங்கே 10.10க்குத் தொடங்கி நண்பகலைத் தாண்டும். பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பக்கத்துக் கோவில் ஐயர்கள் இந்தக் கணக்கை நன்றாக அறிவார்கள். மாளிகை இருக்கும் ஊரின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

ஓமம் பற்றி முதல் நாளே பேசுங்கள். நெருப்பு என்றதும் உரிமையாளர் முகம் மாறும். அதற்கு நியாயம் உண்டு. 2022 கோடையில் போர்தோ இருக்கும் இதே ஜிரோந்து மாவட்டத்தில் லாந்திராஸ், லா தெஸ்த் பக்கங்களில் பற்றிய காட்டுத்தீ இருபதாயிரம் ஹெக்டேருக்கு மேல் எரித்தது. வறண்ட காலத்தில் மாவட்ட நிர்வாகம் திறந்த வெளியில் தீ மூட்டுவதையே தடை செய்துவிடும். பழைய மரக்கூரைக் கூடத்துக்குள்ளும் அனுமதி கிடைப்பது அரிது. ஓமகுண்டம் எவ்வளவு சிறியது என்று படம் காட்டி, கல் தரையில் மணல் பரப்பி, தீயணைக்கும் கருவியை அருகில் வைத்துச் செய்வோம் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். தடை வந்தால் குத்துவிளக்கோடு எப்படி முடிப்பது என்று ஐயரிடமும் கேட்டு வைத்திருங்கள். மூன்று நாள் முன்னால் இதற்காகச் சண்டை பிடிக்க யாருக்கும் தெம்பு இருக்காது.

நாதஸ்வரமும் தவிலும் காலையில் முற்றத்தில் ஒலித்தால் பொதுவாக யாரும் முறையிடுவதில்லை. இரவு பத்து மணிக்குப் பிறகுதான் வில்லங்கம். பல கூடங்களில் ஒலிவரம்புக் கருவி பொருத்தியிருப்பார்கள். சத்தம் எல்லையைத் தாண்டினால் மின்சாரத்தை அது வெட்டிவிடும். தவில்காரருக்கு மின்சாரம் தேவையில்லை, ஆனால் அவர் வாசிக்கும் சத்தத்தில் படப்பிடிப்பாளரின் விளக்குகள் அணைந்துபோகும். எந்த மின்செருகிகள் அந்தக் கருவியோடு இணைந்தவை என்று கேட்டு வையுங்கள்.

சாப்பாட்டில் இரண்டு கேள்விகள் போதும். வெளியிலிருந்து சமையல்காரரை அழைத்து வரலாமா? சமையலறையில் அடுப்பு உண்டா? சில மாளிகைகள் தமக்குத் தெரிந்த உணவு வழங்குநர்களை மட்டுமே அனுமதிக்கின்றன. அடுப்பே இல்லாமல் சூடாக்கும் வசதி மட்டும் உள்ள இடங்களும் உண்டு. அங்கே நூறு பேருக்குச் சோறு வடிக்க முடியாது. வாழையிலை, வெற்றிலை, மல்லிகை மாலை எல்லாவற்றையும் ஃபோபூர் சென் தெனி வீதிக் கடைகளில் சொல்லி வைத்துப் பாரிசிலிருந்தே கொண்டு போங்கள். பிரெஞ்சுச் சமையல்காரரிடம் 'சைவம்' என்றால் மீன் வைத்துவிடக்கூடும். இறைச்சி, மீன், முட்டை, ஜெலட்டின் வேண்டாம் என்று பெயர் பெயராக எழுதிக் கொடுங்கள். தோட்டக்காரர் தம் வைனை வாங்குவீர்கள் என்று எதிர்பார்ப்பார். வெளியிலிருந்து போத்தல் கொண்டுவந்தால் ஒவ்வொன்றுக்கும் திறப்புக் கட்டணம் கேட்பதும் வழக்கம். மதுவே வைக்காத வீடு என்றால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள், விலையும் அதற்கேற்ப மாறும்.

பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து போர்தோவுக்கு அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து சாந்த் எமிலியோன் போன்ற ஊர்களுக்கு இன்னும் நாற்பது கிலோமீட்டர் வரை உண்டு. இரவில் அங்கே டாக்சி கிடைப்பது அரிது. பஸ் ஒன்றை வாடகைக்கு எடுங்கள், ஓட்டுநரின் ஓய்வு நேரச் சட்டம் கடுமையானது என்பதால் திரும்பும் நேரத்தை முன்பே குறித்துவிடுங்கள். வயதானவர்கள் அதிகம் என்றால் போர்தோவை மறந்துவிட்டு ஷாம்பேன் பக்கம் பாருங்கள்; பாரிசின் கார் து லெஸ்த் நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால் அந்தப் பகுதியின் ரான்ஸ் நகரம் 45 நிமிடம். ஊரிலிருந்து வருபவர்கள் பயணத்துக்கு 6 மாதம் முன்பே விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி தேவை. உங்கள் வீட்டில் தங்குவதென்றால் நகரசபையில் வரவேற்புப் பத்திரம் எடுத்து அனுப்புங்கள், மாளிகையிலோ ஹோட்டலிலோ தங்குவதென்றால் அந்தப் பதிவுச் சீட்டே போதும்.

சாவி வாங்கும்போதும் திருப்பித் தரும்போதும் வீட்டுக்காரரோடு சுற்றிப் பார்த்து, இருந்த கீறல்களையெல்லாம் படம் எடுத்துக் கையொப்பமிடுங்கள். அந்தப் பக்கத்து மாளிகைகள் பல வெளிர் சுண்ணாம்புக் கல்லால் ஆனவை. மஞ்சளும் குங்குமமும் எண்ணெயும் அதில் இறங்கினால் போகாது, பிணைப்பணம்தான் போகும். மணவறைக்குக் கீழேயும் நிறைகுடம் வைக்கும் வாசலிலும் தடித்த விரிப்புப் போடுங்கள். அறுகரிசிக்கு மஞ்சளைக் குறைத்துச் சேர்க்கும்படி அத்தைமாரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.