கட்டிலை எங்கே போடுவது? ஃபெங் சுயி தரும் விடை

வீட்டையும் அதிலுள்ள பொருள்களையும் அமைப்பதற்கான சீனர்களின் மரபான ஃபெங் சுயி முறைப்படி வீட்டில் இணக்கத்தை உண்டாக்க விரும்புவோர், பொம்மைகளையும் காற்றுமணிகளையும் வாங்குவதற்கு முன், கட்டிலின் இடத்தைச் சரிசெய்வதே நல்லது. படுத்திருக்கும்போது அறையின் வாசல் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆனால் கட்டில் வாசலுக்கு நேர்கோட்டில் இருக்கக் கூடாது. தலைமாட்டில் சன்னல் இல்லாத உறுதியான சுவர் அமைவது சிறப்பு.

வாசலை நோக்கிக் கால்நீட்டிப் படுப்பதைச் சீனர்கள் தவிர்ப்பதற்கு, இறந்தவரை அவ்வாறே வெளியே கொண்டுசெல்வர் என்ற எண்ணம் ஒரு காரணமாகும். 'ச்சி' எனப்படும் உயிராற்றல் வாசல் வழியே நேராகப் பாய்ந்து உறங்குபவரைத் தாக்கும் என்ற நம்பிக்கை மற்றொன்று. பெய்ஜிங்கின் பழைய முற்றத்து வீடுகளில் தலைவாசலைக் கடந்தவுடன் எழுப்பப்பட்டிருக்கும் மறைப்புச் சுவர், வெளியார் பார்வையைத் தடுப்பதோடு, இந்த நேர்ப்பாய்ச்சலையும் திசைதிருப்புவதாகக் கருதப்படுகிறது.

சிறிய அறையில் கட்டிலை நகர்த்த இயலாதெனில், கால்மாட்டில் உயரம் குறைந்த அலமாரி ஒன்றை வைக்கலாம். ஆற்றல் கோட்பாட்டை ஏற்காதவர்களுக்கும், உள்ளே வருபவரைத் தலை திருப்பாமலே காண முடிவது மன அமைதியைத் தரும் என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன். கட்டிலை நோக்கியுள்ள நிலைக்கண்ணாடியை மட்டும் இரவில் துணியால் மூடிவிடுங்கள்.