ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கொல்லைப்புறச் சந்துகளைக் குறிப்பது எப்படி?

இரண்டு வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஓடும் ஒடுக்கமான சந்து. யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இதைத் தெரு என்பதா, நடைபாதை என்பதா? பலர் அகலத்தை மட்டும் பார்த்து முடிவுசெய்கிறார்கள். அது போதாது. அதில் எது போகும், எதற்காக அது இருக்கிறது என்று பாருங்கள்.

1. நேரில் போய்ப் பாருங்கள். செயற்கைக்கோள் படத்தில் பாதிச் சந்து மரத்தடியிலும் கூரை நிழலிலும் மறைந்துவிடும். கூகுள் மேப்ஸைப் பார்த்து வரைவது கூடவே கூடாது, உரிமம் இடம்கொடுக்காது.

2. வகையை முடிவுசெய்யுங்கள். வேலையே இதில்தான். வகையை ‘பெயர்=மதிப்பு’ வடிவில் ஒரு குறிச்சொல்லாக (டேக்) எழுத வேண்டும்; இங்கே ‘ஹைவே’ என்றால் நெடுஞ்சாலை அல்ல, எந்தப் பாதைக்கும் பொதுப்பெயர்.

கார் நுழையும், பின்வாசல்களும் கார் ஷெட்டுகளும் அந்தப் பக்கம் திறக்கின்றன என்றால் ‘ஹைவே=சர்வீஸ்’, கூடவே ‘சர்வீஸ்=ஆலி’. உலாவியிலேயே வரைய உதவும் ஐடி (iD) எடிட்டரில் ஆலி என்று தேடி எடுத்தால் இரண்டு டேகும் சேர்ந்தே வந்துவிடும். ஒரே வீட்டுக்குள் போய் முடிகிற வழி என்றால் ‘ஆலி’ அல்ல, ‘டிரைவ்வே’.

கார் போகும், ஆனால் வீடுகளின் தலைவாசலே அங்கேதான் இருக்கிறதா? அப்படியானால் எவ்வளவு குறுகலாக இருந்தாலும் அது குடியிருப்புத் தெரு: ‘ஹைவே=ரெசிடென்ஷியல்’.

நடந்து மட்டுமே போகலாம் என்றால் ‘ஹைவே=ஃபுட்வே’. பைக் நுழையும், கார் நுழையாது என்பதுதான் சிக்கல்; வரைபவர்களுக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து இல்லை. நான் ‘ஹைவே=பாத்’ போட்டு, ‘மோட்டார்சைக்கிள்=யெஸ்’ சேர்ப்பேன். இதற்கு ‘ஆலி’ போட்டால், வழிகாட்டும் செயலி காரை உள்ளே அனுப்பிவிடக்கூடும்.

3. கோட்டை வரையுங்கள். இரு முனைகளும் தெருக்கோட்டின் புள்ளியோடு ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் பார்வைக்குச் சேர்ந்தது போலத் தெரியும், வழிமட்டும் கிடைக்காது. கட்டடத்துக்கு அடியில் நுழையும் பகுதியைத் தனியாக வெட்டி, ‘டனல்=பில்டிங் பாசேஜ்’ கொடுங்கள்.

4. கூடுதல் விவரம். அளந்திருந்தால் அகலத்தை மீட்டரில் எழுதலாம்: ‘விட்த்=2.5’. கேட் இருந்தால் அந்த இடத்தில் ‘பேரியர்=கேட்’ என்று ஒரு புள்ளி வையுங்கள். வெளியாருக்கு அனுமதி இல்லையென்றால் மட்டுமே ‘ஆக்சஸ்=பிரைவேட்’. திறந்தே கிடக்கும் கேட்டைப் பார்த்து இதைப் போட்டுவிடாதீர்கள். பெயர்ப் பெட்டியில் ‘பின்சந்து’ என்று எழுத வேண்டாம். அது பெயரல்ல, விவரிப்பு. பெயர் இல்லையென்றால் காலியாக விடுங்கள்.

5. சேமியுங்கள். குறிப்பில் ‘திருத்தம்’ என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், ‘நேரில் பார்த்தேன், கார் போகாது, ஃபுட்வேயாக மாற்றினேன்’ என்று காரணத்தோடு எழுதுங்கள். அடுத்து வருபவர் அதைத் திரும்பவும் மாற்றும்முன் ஒருமுறை யோசிப்பார்.