குன்னூரில் வியாபாரிகள் கூட்டம்: செலவை அசமன்பாட்டுக்குள் அடக்குவது எப்படி?

கோவை, திருப்பூர் பக்கத்துத் தேயிலைத்தூள் வியாபாரிகளை அழைத்து எங்கள் சிறு தேயிலை விவசாயிகள் குழு குன்னூரில் இரண்டு கூட்டங்கள் நடத்தியிருக்கிறது. இரண்டுக்கும் கணக்குப் பார்த்தவன் நான். முதல் முறை கணக்கு தவறியது, இரண்டாம் முறை நின்றது. இடையில் கற்றுக்கொண்டதை, இப்படி ஒரு கூட்டத்தை முதன்முறை நடத்தப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் கையில் இருந்தது 60,000 ரூபாய். அதை முழுக்கச் செலவழித்தே ஆக வேண்டும் என்பதில்லை, தாண்டாமல் இருந்தால் போதும். அதனால் இங்கே சமன்பாடு உதவாது, அசமன்பாடுதான் வேண்டும். ≤ என்றால் 'அதற்குள்', ≥ என்றால் 'அதற்குக் குறையாமல்'.

முதலில் செலவை இரண்டாகப் பிரியுங்கள். எத்தனை பேர் வந்தாலும் மாறாதது ஒன்று, ஆளுக்கு ஆள் ஏறுவது மற்றொன்று.

மாறாத செலவில் மண்டப வாடகை 10,000 என்று வாயால் சொன்னார்கள். ரசீதில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து 11,800 ஆனது. வாய்வார்த்தையை எழுதாதீர்கள், வரி சேர்ந்த தொகையைக் கேட்டு எழுதுங்கள். மைக் செட்டும் புரொஜெக்டரும் 4,500. துணி பேனர், அழைப்பிதழ், தண்ணீர் கேன் எல்லாம் 2,200. நீலகிரியில் சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் கேனும் எவர்சில்வர் டம்ளரும்தான் வழி. ஆக 18,500.

ஆளுக்கு ஆகும் செலவு: மதியச் சாப்பாடு 240, இரண்டு வேளை டீயும் வர்க்கியும் 45, கையில் கொடுத்தனுப்பும் மாதிரித் தேயிலைத்தூள் 65. மொத்தம் 350. வருகிறவர்களின் எண்ணிக்கையை 'ஆ' என்று வைத்துக்கொள்வோம்.

18,500 + 350ஆ ≤ 60,000
350ஆ ≤ 41,500
ஆ ≤ 118.57

118 பேர். பள்ளிக்கூட வழக்கப்படி 118.57-ஐ 119 ஆக்கக் கூடாது. 119 பேர் என்றால் செலவு 60,150 ஆகிவிடும்.

இனி நான் இடறிய இடம். இதை நிதானமாகப் படியுங்கள்.

அக்டோபரில் கூட்டம் என்பதால் மழையை நினைத்து 6,000 ரூபாய் கையிருப்பு வேண்டும் என்று குழுவில் முடிவு செய்தோம். எல்லாச் செலவும் போக மிச்சம் 6,000-க்குக் குறையக் கூடாது.

60,000 − 18,500 − 350ஆ ≥ 6,000
−350ஆ ≥ −35,500

இருபுறமும் −350 ஆல் வகுத்து 'ஆ ≥ 101.4' என்று எழுதினேன். அதாவது 102 பேர் முதல் 118 பேர் வரை யாரை அழைத்தாலும் கையிருப்பு பத்திரம் என்று நம்பினேன். 118 பேர் வந்தார்கள். மிச்சம் 200 ரூபாய். அன்று காலை மழையில் மின்கம்பி மேல் மரம் சாய்ந்து கரண்ட் போனது. ஜெனரேட்டர் வாடகையும் டீசலும் 5,500. பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே உறுப்பினர்களிடம் பணம் கேட்டு நின்றேன். என் சித்தப்பா, பச்சைத் தேயிலை போட்டு வாங்கிய பணத்தை, அந்த ரசீதோடு மடித்து வைத்திருந்தபடியே எடுத்துக் கொடுத்தார். கணக்கு சரியாக இருந்திருந்தால் அந்த 6,000-க்குள்ளேயே எல்லாம் முடிந்திருக்கும்.

குறை எண்ணால் பெருக்கினாலும் வகுத்தாலும் குறியைத் திருப்ப வேண்டும். ஏன் என்பதற்கு நம் ஊர்க் குளிரே சாட்சி. 2 டிகிரியைவிட 5 டிகிரி பெரிது. ஆனால் ஜனவரியில் ஊட்டி பக்கத்துத் தலைகுந்தாவில் உறைபனி படியும் காலையை நினைத்துப் பாருங்கள். மைனஸ் 2-ஐவிட மைனஸ் 5 கடுங்குளிர், அதாவது சிறிய எண். கழித்தல் குறி வந்ததும் பெரியதும் சிறியதும் இடம் மாறிவிடுகின்றன. ஆகவே சரியான விடை:

ஆ ≤ 101.43, அதாவது 101 பேர்.

இப்போதெல்லாம் 350ஆ-வை மறுபக்கம் கொண்டுபோய் 41,500 ≥ 6,000 + 350ஆ என்று எழுதிவிடுகிறேன். கழித்தல் குறியே வராது. கடைசியில் ஓர் எண்ணைப் போட்டும் பார்க்கிறேன். 110 பேர் என்றால் மிச்சம் 3,000. அது 6,000-க்குக் குறைவு, எனவே 110 ஆகாது. இந்த ஒரு வரிச் சோதனையை விடாதீர்கள்.

கருவி என்று கேட்டால் என் ஓட்டு கட்டம் போட்ட நோட்டுக்கும் பென்சிலுக்கும்தான். கூகுள் ஷீட்ஸ் பிறகு வரட்டும். குறி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைக் கையால் ஒரு முறையாவது எழுதிப் பார்த்தால்தான் மனதில் நிற்கும்.

அடுத்த ஆண்டு விருந்தினர்களைத் தேயிலைத் தொழிற்சாலைக்கும் தோட்டத்துக்கும் அழைத்துப் போக வேன் தேவைப்பட்டது. 12 பேர் அமரும் வேன், ஒன்றுக்கு 2,400. உள்ளூர் வண்டியாகப் பிடியுங்கள். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் உண்டு. சொந்தக் காரில் வருகிறவர்களுக்கு அதை அழைப்பிதழிலேயே சொல்லிவிடுங்கள். மற்ற விலைகள் மாறவில்லை என்றே வைத்துக்கொள்வோம். வேன்களின் எண்ணிக்கை 'வே'. கையிருப்பை ஒதுக்கியபின் உள்ளது 54,000.

18,500 + 350ஆ + 2,400வே ≤ 54,000
12வே ≥ ஆ

2,400-ஐ 12 ஆல் வகுத்து ஆளுக்கு 200 என்று சேர்த்தால் 64 பேர் என்று விடை வரும். அது தவறு. 64 பேருக்கு 5.33 வேன் என்று பிடிக்க முடியாது, ஆறு வேண்டும். அப்போது செலவு 55,300. ஆளைக் கீழ்நோக்கி முழுமையாக்க வேண்டும், வண்டியை மேல்நோக்கி. ஒவ்வொரு வேன் எண்ணிக்கையாகப் போட்டுப் பாருங்கள். ஐந்து வேன் என்றால் 60 பேர், செலவு 51,500. அறுபத்தோராவது ஆள் வந்தால் ஆறாவது வேனும் வந்து 54,250. அந்த ஒருவருக்காக மட்டும் 2,750 ரூபாய்! நாங்கள் 60-இல் நிறுத்தினோம்.

பின்னர் சேர்த்தது: இதைப் படித்துவிட்டுக் கொடைக்கானலிலிருந்து ஒரு வாசகர் எழுதினார். அவருடைய சமையல்காரர், 'எத்தனை பேர் வந்தாலும் 75 சாப்பாட்டுக்குக் குறையாமல் பணம் தர வேண்டும்' என்கிறாராம். நான் யோசிக்காத சிக்கல். 75 பேருக்குக் கீழே சாப்பாடும் மாறாத செலவாகிவிடுகிறது. 75 × 240 = 18,000. ஆளுக்கு மிஞ்சுவது டீயும் தேயிலைத்தூளும், 110 ரூபாய். என் எண்களிலேயே, ஐந்து வேனுக்கான 12,000-ஐயும் சேர்த்துப் போட்டால்:

18,500 + 18,000 + 12,000 + 110ஆ ≤ 54,000
110ஆ ≤ 5,500
ஆ ≤ 50

அறுபது இருந்த இடத்தில் ஐம்பதுதான். ஆனால் இதே கணக்கைத் திருப்பிப் போடலாம். 60 பேர் வேண்டும் என்று வைத்துவிட்டு, சாப்பாட்டு எண்ணிக்கையை 'சா' என்று தெரியாததாக்குங்கள்.

18,500 + 12,000 + 6,600 + 240சா ≤ 54,000
சா ≤ 70.4

75-ஐ 70 ஆகக் குறைத்தால் போதும். ஆளுக்கு விலையைக் குறைக்கச் சொல்ல வேண்டியதில்லை, குழம்பில் ஒன்றைக் குறைக்கச் சொல்ல வேண்டியதில்லை. சமையல்காரரிடம் கேட்க வேண்டியது அந்த ஐந்து இலையை மட்டும்தான். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.