ருமேனியாவில் முதல் தொண்ணூறு நாள்: புதிதாக வரும் தமிழர்களுக்கு

வேலை விசாவில் ருமேனியாவுக்கு வந்திறங்குபவருக்குப் பொதுவாகத் தொண்ணூறு நாள் அவகாசம் உண்டு. அதற்குள் தங்கும் அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும், குளிர் தாங்கும் வீடு பார்க்க வேண்டும், மாடிப்படியில் எதிர்ப்படுபவருக்கு வணக்கம் சொல்லப் பழக வேண்டும். கடைசியாகச் சொன்னதை ஏஜென்ட் யாரும் சொல்லித் தருவதில்லை. ஆனால் ஒரு படிவம் புரியாமல் முழிக்கும்போது உட்கார்ந்து படித்துச் சொல்லப்போவது அந்தப் பக்கத்து வீட்டு அம்மாதான்.

வேலைக்கு ஏன் நம்மைக் கூப்பிடுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு வருவது நல்லது. 2007-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு லட்சக்கணக்கான ருமேனியர்கள் இத்தாலி, ஸ்பெயின், ஜெர்மனி என்று பிழைக்கப் போய்விட்டார்கள். அந்த இடங்களை நிரப்பத்தான் 2022 முதல் 2025 வரை ஆண்டுக்கு 1,00,000 வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு அரசு அனுமதி கொடுத்தது. பிள்ளையையோ மருமகளையோ வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் வீடுகள் இங்கே நிறைய. "உங்கள் மகன் எந்த ஊரில் வேலை செய்கிறார்?" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு தானாக ஓடும்.

காகிதங்கள்

விசா முடிய 30 நாள் இருக்கும்போதே தங்கும் அட்டைக்கான விண்ணப்பம் குடியேற்ற அலுவலகத்துக்குப் போயிருக்க வேண்டும். அதாவது, வந்து இரண்டு மாதத்துக்குள். அட்டையின் பெயர் 'பெர்மிஸ் தெ ஷெதெரெ'. பாஸ்போர்ட், வேலை ஒப்பந்தம், தங்குமிடச் சான்று, மருத்துவச் சான்றிதழ் இவை அடிப்படை. கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். எந்தத் தேதியில் விண்ணப்பம் போனது என்று கேட்டு, அதன் நகலைக் கையில் வைத்திருங்கள்.

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது பெயரில். படிவத்தில் 'நூமெ' என்றிருப்பதைப் பார்த்து 'நேம்' என்று நினைத்துச் சொந்தப் பெயரை எழுதிவிடுகிறார்கள். 'நூமெ' என்றால் குடும்பப் பெயர். சொந்தப் பெயருக்கான கட்டம் 'ப்ரெநூமெ'. அப்பா பெயரை இனிஷியலாகப் போடும் வழக்கம் இங்கே யாருக்கும் தெரியாது. பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எது இருக்கிறதோ அதை எழுத்து மாறாமல் எழுதுங்கள். ஒப்பந்தத்தில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி என்று ஆகிவிட்டால் திருத்தி வாங்குவதற்குள் வாரங்கள் ஓடிவிடும்.

அட்டையில் 13 இலக்க எண் ஒன்று இருக்கும். 'செ-நெ-பெ' என்பார்கள். தங்கும் உரிமை பெற்ற வெளிநாட்டவருக்கு அது ஆணானால் 7-இலும் பெண்ணானால் 8-இலும் தொடங்கும். அடுத்த ஆறு இலக்கம் பிறந்த ஆண்டு, மாதம், நாள். வங்கி, மருத்துவர், சம்பளக் கணக்கு எல்லா இடத்திலும் இதைத்தான் கேட்பார்கள் என்பதால் மனப்பாடம் செய்துவிடுங்கள்.

சம்பளச் சீட்டுக்கு இங்கே 'ஃப்ளுதுராஷ்' என்று பெயர், குட்டி வண்ணத்துப்பூச்சி என்று பொருள். அதில் 'ப்ரூத்' என்பது பிடித்தத்துக்கு முந்தைய தொகை, 'நெத்' என்பது கைக்கு வருவது. ஓய்வூதியத்துக்கு 25 சதவீதம், மருத்துவக் காப்பீட்டுக்கு 10 சதவீதம் போக, மிச்சத்தில் 10 சதவீதம் வருமான வரி. 2025 ஜனவரியில் குறைந்தபட்ச ப்ரூத் 4,050 லெய் (லெய் ருமேனிய நாணயம்) ஆனது, குறைந்த சம்பளத்துக்கான வரிச் சலுகைகளையும் சேர்த்து அதில் கைக்கு வந்தது ஏறக்குறைய 2,574 லெய். ஊரில் ஏஜென்ட் சொன்ன தொகை இந்த இரண்டில் எது என்பதை விமானம் ஏறும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் 90 நாளுக்குள் சம்பளத்தோடு மாற்று ஓய்வு தர வேண்டும், இல்லையென்றால் குறைந்தது 75 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். ஆண்டு விடுப்பு குறைந்தது 20 வேலை நாள். தகராறு என்றால் மாவட்டத் தொழிலாளர் ஆய்வகத்திடம் போகலாம், அதை 'இதெமெ' என்பார்கள். வேறு முதலாளியிடம் கூடுதல் சம்பளம் என்று அனுமதி மாற்றாமல் கிளம்பிவிடாதீர்கள். வேலை அனுமதி முதலாளியோடு கட்டப்பட்டது, அதை விட்டால் தங்கும் உரிமையும் ஆட்டம் காணும்.

மொழி

சுற்றிலும் பெரும்பாலும் ஸ்லாவ் மொழிகளும் ஹங்கேரியனும் பேசும் நாடுகள், நடுவில் லத்தீனிலிருந்து பிறந்த மொழி. ருமேனியர்களுக்கு இதில் பெருமை உண்டு. அவர்களை ரஷ்யர்களோடு சேர்த்துப் பேசினால் முகம் மாறிவிடும். தலைநகர் புக்கரெஸ்ட், அதைப் புடாபெஸ்டோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். புடாபெஸ்ட் ஹங்கேரியில் இருக்கிறது. ஆனால் ருமேனியாவுக்குள்ளேயே ஹார்கித்தா, கோவாஸ்னா மாவட்டங்களில் வேலை கிடைத்தால் தெருவில் ஹங்கேரியன்தான் அதிகம் கேட்கும், அங்கே அதுவே பெரும்பான்மை.

தமிழ் பேசுபவருக்கு இரண்டு சலுகை. பெயர்ச்சொல்லின் வாலில் ஒட்டு சேர்ப்பது நமக்குப் பழகியதுதான்: 'ஓம்' மனிதன், 'ஓமுல்' அந்த மனிதன். இன்னொன்று, ஆங்கிலம் பேசுபவர்கள் திணறும் ஓர் உயிரொலி. 'ஏ' (a) அல்லது 'ஐ' (i) எழுத்தின் மேல் கூரை போட்டிருப்பார்கள். 'காசு', 'பாட்டு' என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் வருகிறதே, கிட்டத்தட்ட அந்தக் குற்றியலுகரம்தான் அது. 'எஸ்' (s) எழுத்தின் அடியில் கொக்கி இருந்தால் 'ஷ', 'டி' (t) எழுத்தின் அடியில் இருந்தால் 'த்ஸ'.

நீ, நீங்கள் வேறுபாடு இங்கேயும் கறாராக உண்டு. 'து' என்றால் நீ. பெரியவர், அலுவலர், அறியாதவர் எல்லாருக்கும் 'தும்னியவோஸ்த்ர'. லிஃப்டில் ஏறும்போதும் கடைக்குள் நுழையும்போதும் 'புன ஸீவா' சொல்ல வேண்டும், பேசாமல் நுழைவது மரியாதைக் குறைவு. வயதான பெண்மணிக்கு 'ஸெருத் முன' என்பார்கள். கையை முத்தமிடுகிறேன் என்று பொருள், வாயால் சொன்னால் போதும். ரோமா மக்களைக் குறிக்கும் 'த்ஸிகான்' என்ற சொல் பேச்சில் நிறையக் கேட்கும், நீங்கள் எடுத்தாள வேண்டாம். அது இழிசொல்.

அடுப்படி

சைவம் சாப்பிடுபவர்கள் முதலில் கற்க வேண்டிய சொல் 'தெ போஸ்த்'. மக்களில் பெரும்பாலோர் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். பக்தியுள்ளவர்கள் புதன், வெள்ளியிலும், ஈஸ்டருக்கு முந்தைய ஏழு வாரத்திலும், நவம்பர் 15 முதல் கிறிஸ்துமஸ் வரையிலும் இறைச்சி, பால், முட்டை தொடமாட்டார்கள். அதற்காகச் செய்யும் பிஸ்கட், கேக், ரொட்டி பலவற்றில் 'தெ போஸ்த்' என்று அச்சிட்டிருக்கும். ஓட்டலிலும் அதே சொல் போதும். விரதத்தின் சில நாள்களில் மீனுக்கு அனுமதி உண்டு என்பதால் 'ஃபெர பெஷ்தெ', மீன் வேண்டாம், என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மளிகையில் ரவை 'க்ரிஷ்', கொண்டைக்கடலை 'நெவுத்', மசூர் வகைப் பருப்பு 'லின்தெ'. சீரகம் வாங்கும்போது கவனம். மசாலா அலமாரியில் 'கிமியோன்', 'கிமென்' என்று இரண்டு பாக்கெட் அருகருகே தொங்கும், இரண்டும் பார்வைக்குச் சீரகம்தான். நமக்கு வேண்டியது கிமியோன். கிமென் என்பது ரொட்டியில் தூவும் வேறு விதை, கொஞ்சம் கறுத்து வளைந்திருக்கும். அதைத் தாளித்து ரசம் வைத்தால் சோம்பும் புதினாவும் கலந்தாற்போல ஒரு வாடை வந்து ரசமே வீணாகும். கொத்தமல்லி என்று நினைத்துப் பார்ஸ்லியை எடுத்து வருவதும் அடிக்கடி நடக்கும். ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள்.

அவர்களுடைய 'மெமெலிகெ' மக்காச்சோள மாவில் கிண்டும் களி. 'சோர்பெ' புளித்த சூப், கோதுமைத் தவிட்டை நொதிக்கவைத்த நீரில் புளிப்பு ஏற்றுவார்கள். அதோடு ஒரு பச்சை மிளகாயை முழுசாகத் தருவார்கள், கடித்துக்கொண்டே குடிக்க வேண்டும். கோஸ் இலையில் சுற்றிய 'ஸர்மாலெ'யில் பெரும்பாலும் பன்றி இறைச்சி இருக்கும்.

பாட்டில் பானம் வாங்கும்போது ஒவ்வொன்றுக்கும் 50 பானி, அதாவது அரை லெய், கூடுதலாக எடுப்பார்கள். காலி பாட்டிலை நசுக்காமல் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் அது திரும்பக் கிடைக்கும். நசுங்கினால் இயந்திரம் ஏற்காது.

குடியிருப்பு

அடுக்குமாடியில் வாடகைக்கு மேல் 'இன்த்ரெத்ஸினேரெ' என்ற மாதச் செலவு உண்டு. அதில் சில கணக்குகளை ஆள் எண்ணிக்கைப்படி பிரித்து வாசலில் பட்டியல் ஒட்டுவார்கள். இரண்டு பேர் என்று எழுதிவிட்டு ஆறு பேர் தங்கினால், மிச்சச் செலவை அயலார் சுமக்கிறார்கள். சண்டை பெரும்பாலும் இதில்தான் முளைக்கும். இரவு 10 முதல் காலை 8 வரையிலும், பகல் 1 முதல் 2 வரையிலும் அமைதி நேரம். அப்போது மிக்ஸி, கிரைண்டர் போட வேண்டாம். குளிருக்குப் பயந்து சமையலறைச் சுவரிலுள்ள காற்றுத் துளையை அடைக்கவே அடைக்காதீர்கள். எரிவாயு அடுப்பும் பாய்லரும் உள்ள அறையில் அது உயிர்காக்கும் வழி. அவசரத்துக்கு 112.

மலையோரம், குறிப்பாகப் பிரஷோவ், ஸினாயா பக்கம் வேலை என்றால், போனில் திடீரென்று அலறும் எச்சரிக்கை கரடி வந்திருப்பதைச் சொல்வதாக இருக்கலாம். வீட்டுக்குள்ளேயே இருங்கள், உணவுக் குப்பையை வெளியே வைக்காதீர்கள்.

நல்லது கெட்டது

மார்ச் 1 அன்று சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலில் கோத்த 'மெர்த்ஸிஷோர்' பெண்களுக்குக் கொடுப்பது வழக்கம். கூட வேலை செய்பவர்களுக்குக் கொடுத்தால் மகிழ்வார்கள். பூ கொடுத்தால் ஒற்றைப்படையில்தான் கொடுக்க வேண்டும், இரட்டைப்படை இறப்புக்கு உரியது. வீட்டுக்குள் போகும்போது செருப்பைக் கழற்றுவது நம் வழக்கம்போலவே.

ஒரு நாள் பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டி, ஒரு தட்டில் உணவும் மெழுகுவர்த்தியுமாக நீட்டலாம். அது 'பொமனெ', இறந்தவரின் பெயரால் கொடுப்பது, நம் திவசச் சாப்பாடு மாதிரி. அசைவமாக இருந்தாலும் மறுக்காமல் இரு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள். அப்போது வழக்கமான நன்றிச் சொல்லான 'முல்த்ஸுமெஸ்க்' பொருந்தாது. 'பொக்தப்ரோஸ்தெ' என்று சொல்ல வேண்டும், கடவுள் இறந்தவர்களை மன்னிக்கட்டும் என்பது அதன் பொருள். தட்டைக் கழுவித் திருப்பிக் கொடுக்க அவசரப்படாதீர்கள். பல வீடுகளில் பாத்திரமும் அந்தத் தானத்தில் சேர்ந்ததுதான், வாங்கும்போதே கேட்டுக்கொள்ளலாம்.