மரபணுத்தொகை முழுவதும் நோய்த் தொடர்பைத் தேடுவது எப்படி?

ஒரு மரபுத்திரிபு, நோய் உள்ளவர்களிடம் மற்றவர்களைவிட அதிகமாகத் தென்படுகிறதா? இந்தக் கேள்வியைப் பல லட்சம் எஸ்என்பிகளிடம் (டிஎன்ஏவில் ஓரெழுத்து ஆளுக்கு ஆள் மாறுபடும் இடங்கள்) தனித்தனியே கேட்பதுதான் ஜிவாஸ் (GWAS), அதாவது மரபணுத்தொகை முழுவதுமான தொடர்பு ஆய்வு. பழகிப் பார்க்க பிளிங்க் என்ற இலவச மென்பொருள் போதும்.

படி 1: தரவைச் சலித்தெடுங்கள்

பலருக்கு விவரம் விடுபட்ட எஸ்என்பிகளையும், பல எஸ்என்பிகளுக்கு விவரம் விடுபட்ட ஆட்களையும் நீக்குங்கள். 1 சதவீதத்துக்கும் குறைவாகத் தென்படும் அரிய திரிபுகளைச் சிறிய ஆய்வில் விட்டுவிடலாம். ஹார்டி-வெயின்பர்க் சமநிலையிலிருந்து (ஒரு திரிபின் 0, 1, 2 பிரதிகள் உள்ளவர்கள் எந்த விகிதத்தில் இருப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு) மிகவும் விலகியவை பெரும்பாலும் ஆய்வகப் பிழைகள். ஆனால் இந்தச் சோதனையை நோயில்லாதவர்களிடம் மட்டும் செய்யுங்கள். நோயாளிகளிடம் உண்மையான தொடர்பே அந்த விலகலை உண்டாக்கியிருக்கலாம்.

படி 2: வம்சாவளியைக் கணக்கில் எடுங்கள்

இங்கே அவசரப்படவே கூடாது. இரண்டு மக்கள் குழுக்களில் ஒன்றில் மட்டும், வாழ்க்கைமுறை காரணமாக, ஒரு நோய் அதிகம் என்று வையுங்கள். அந்தக் குழுவில் இயல்பாகவே அதிகமுள்ள திரிபுகள் எல்லாம் நோயோடு தொடர்புள்ளவை போலத் தோன்றும். ஆளெண்ணிக்கையைக் கூட்டினால் இந்தப் பொய்த் தொடர்பு இன்னும் வலுக்குமே தவிர மறையாது. எனவே ஒன்றோடொன்று பிணைந்த (சேர்ந்தே மரபுவழி வரும்) எஸ்என்பிகளைக் குறைத்துவிட்டு, முதன்மைக் கூறுகளை (ஆட்களின் வம்சாவளி வேறுபாட்டைச் சுருக்கிக் காட்டும் எண்கள்) கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதல் 10 கூறுகளைச் சேர்ப்பது பரவலான வழக்கம். நெருங்கிய உறவினர்கள் தரவில் இருந்தால் ஒருவரை நீக்குங்கள், அல்லது கலப்பு மாதிரியை (உறவு நெருக்கத்தையும் கணக்கில் கொள்ளும் புள்ளியியல் முறை) பயன்படுத்துங்கள்.

படி 3: சோதியுங்கள்

நோய் உண்டா இல்லையா என்றால் லாஜிஸ்டிக் பின்னடைவு (regression, ஒன்று மாறும்போது மற்றொன்று எவ்வளவு மாறுகிறது எனக் கணக்கிடும் முறை); உயரம் போன்ற அளவு என்றால் நேரியல் பின்னடைவு. திரிபின் பிரதிகள் 0, 1, 2 என்று உள்ளே போகும். வயது, பாலினம், முதன்மைக் கூறுகள் உடன் செல்லும்.

படி 4: வரம்பு

பி-மதிப்பு (உண்மையில் தொடர்பே இல்லாவிட்டாலும் இவ்வளவு வலுவான முடிவு தற்செயலாகக் கிடைக்கும் வாய்ப்பு) 0.05 என்ற எல்லை இங்கே உதவாது. 10 லட்சம் சோதனைகளில் தற்செயலாகவே சுமார் 50,000 அதற்குக் கீழே வந்துவிடும். 0.05-ஐ 10 லட்சத்தால் வகுத்தால் 5×10⁻⁸. அதுவே வழக்கமான எல்லை.

படி 5: படம் வரையுங்கள்

மன்ஹாட்டன் படத்துக்கு (ஒவ்வொரு எஸ்என்பியின் தொடர்பு வலுவையும் குரோமோசோம் வரிசையில் காட்டுவது) முன் கியூ-கியூ படத்தை (தற்செயலாக எதிர்பார்க்கும் பி-மதிப்புகளோடு கிடைத்தவற்றை ஒப்பிடுவது) பாருங்கள். புள்ளிகள் தொடக்கத்திலிருந்தே கோட்டைவிட்டு மேலெழுந்தால் 2-ஆம் படிக்குத் திரும்புங்கள். ஆளெண்ணிக்கை மிகப் பெரிதானால், பல மரபணுக்களின் சிறு விளைவுகளும் அப்படி மேலெழச் செய்யும். அதைப் பிரித்தறிய எல்டி ஸ்கோர் பின்னடைவு (எஸ்என்பிகளின் பிணைப்பு அளவை வைத்துக் கணக்கிடும் முறை) உண்டு.

மன்ஹாட்டன் படத்தின் உச்சியிலுள்ள எஸ்என்பியையோ, அருகிலுள்ள மரபணுவையோ உடனே காரணமாகச் சொல்லிவிடாதீர்கள். உடல் பருமனோடு 2007-இல் தொடர்புபடுத்தப்பட்ட எஃப்டிஓ மரபணுவுக்குள் இருக்கும் திரிபுகள், தொலைவிலுள்ள ஐஆர்எக்ஸ்3 மரபணுவின் செயல்பாட்டை மாற்றுவதாகப் பின்னர் தெரிந்தது.